திருஷ்டிப் பொம்மையின் கழுத்தில் ரவுட்டர்

மேல்பிரிவு,
ஸ்பிரிங்வெளி,
பதுளை.
மார்கழி மாதம், மழை விட்ட வெள்ளிக்கிழமை

பாசமும் மரியாதையும் நிறைந்த மச்சான் கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வீரசிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தனலெட்சுமியும் மகள் மேனுஷாவும் முருகன் புண்ணியத்தில் சுகம். புது வீடும் சுகம், கூரையைத் தவிர. வத்தளையில் நீங்களும் கலாராணி அக்காவும் மருமகன் ரமேஸும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும்.

முதலில் நல்ல செய்தி. வருகிற தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். பூசாரி நாள் குறித்துவிட்டார், அதுவரைக்கும் எங்களுக்கு அதே பழைய லயத்து வரிசை வீடுதான். மேனுஷாவின் தாய்மாமன் நீங்கள் வந்து குத்துவிளக்கை உள்ளே எடுத்து வைத்தால்தான் அது வீடு, இல்லாவிட்டால் வெறும் சுவர் என்று உங்கள் தங்கை உறுதியாகச் சொல்லிவிட்டாள். சீராக எனக்கு ஒரு வேட்டியும் சட்டையும் நீங்கள் எடுத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எதற்கு வீண் சிரமம் என்று சொல்லவேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன். சட்டை கொஞ்சம் பெரிய சைஸாக இருக்கட்டும்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன் பேசவேண்டுமென்றால் எங்கள் வீட்டுத் திருஷ்டிப் பொம்மைக்குக் கீழே போய் நிற்கவேண்டும். அங்கே நின்று பேசினால் பக்கத்து வீட்டு ஜீவராணிக்குக் கேட்கும். ஜீவராணிக்குக் கேட்டால் ஹல்துமுல்லையில் இருக்கும் அவள் சம்பந்தி வீடு வரைக்கும் கேட்கும். ஆகவே கடிதம்.

இரண்டாவது விஷயம். மேனுஷாவுக்காக உங்கள் மாடியில் ஓர் அறைக்குப் பெயின்ட் அடித்து வைத்திருப்பதாகக் கலாராணி அக்கா சொன்னாராம். கோபித்துக்கொள்ளாதீர்கள் மச்சான், அந்த அறை எங்களுக்கு வேண்டாம். உங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வராது என்று எனக்குத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அவள் வேலை பார்க்கும் கம்பனி, ஆஸ்திரேலியாக்காரர்களின் கணக்குவழக்கைக் கொழும்பில் உட்கார்ந்து பார்க்கிறது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், ஆனால் லைன் அறுந்து அறுந்து போனால் கொழும்புக்கு வந்துவிடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் பிள்ளை எந்த ஊரில் இருப்பது என்பதை இப்போது ஒரு வயர் தீர்மானிக்கிறது.

வீடு கட்டும்போதே டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் வழி பார்த்துவிடு என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பார்த்தேன். வயர் வெளியே தெரியக்கூடாது, சுவருக்குள்ளேயே குழாய் போடுங்கள் என்று மேசன் பாஸிடம் சொன்னேன். அவரும் போட்டார், அதன்மேல் பூசினார், நாங்களும் பெயின்ட் அடித்தோம். எல்லாம் முடிந்து குழாயின் வாய் எங்கே பாஸ் என்று கேட்டால், "ஐயா, உள்ளுக்குத்தான் இருக்கு, அது மட்டும் நிச்சயம்" என்கிறார். பிறகு நான் காலையில் எழுந்ததும் சுவர் சுவராகக் காதை வைத்துத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். தேயிலை ஃபெக்டரி ஸ்டோரில் மெஷினைக் காதால் கேட்டே கோளாறு சொன்னவன் நான், ஒரு சுவர் எனக்குப் பெரிதா என்று நினைத்தேன். உங்கள் தங்கை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மகளிடம், "அப்பாவுக்கு ரிட்டயர் ஆனது ஒத்துக்கல போல" என்றாள். குழாய் இன்னும் அகப்படவில்லை.

சரி, ஃபைபர் எடுப்போம் என்று ஒரு கம்பனிக்குச் சொன்னோம். ஃபைபர் பெரிய ரோட்டில் மாரியம்மன் கோயில் வளைவு வரைக்கும் வந்து நிற்கிறது. அதற்கு மேலே வருவதற்கு அதற்கு மூச்சு வாங்குகிறதோ என்னவோ. கம்பம் எங்கே நடலாம் என்று பார்க்க டை கட்டிய தம்பி ஒருவர் வந்தார். பாதி மலை ஏறியதும் ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "ஐயா, நீங்க கீழயே வீட்டக் கட்டியிருக்கலாமே" என்றார். தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியை எங்கே அளந்து கொடுத்தார்களோ அங்கேதானே கட்டமுடியும், காணி என்ன கறிவேப்பிலைக் கன்றா, பிடுங்கிக் கீழே நடுவதற்கு? அந்தத் தம்பி போனவர் போனவர்தான், டையைக்கூட மறுபடி பார்க்கவில்லை.

இதற்கிடையில் உங்கள் தங்கைக்கு நாடகம் பார்க்க டிஷ் வேண்டும். பதுளை டவுனில் டிஷ், ரவுட்டர் எல்லாம் பூட்டிக் கொடுக்கும் ஸனூஸ் என்ற தம்பியைக் கூட்டிவந்தேன். நல்ல பிள்ளை, பொறுமைசாலி, எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பொறுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. டிஷ்ஷை ஈசானிய மூலையில்தான் வைக்கவேண்டும், கன்னி மூலையில் பாரம் ஏற்றக்கூடாது என்று தனலெட்சுமி ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அன்ட்டி, சட்டலைட்டுக்கு வாஸ்து தெரியாதே" என்று அவன் மேலேயிருந்து சொல்கிறான். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும் என்று இவள் சொல்கிறாள். கடைசியில் டிஷ் ஈசானியத்தில்தான் இருக்கிறது, படமும் வருகிறது, ஆனால் மழை விழுந்தால் நின்றுவிடுகிறது. இங்கே மார்கழியில் மழை விழாத நேரம் எது? போன வாரம் நாடகத்தில் மருமகள் மாமியாரை அறையக் கையை ஓங்கினாள், மழை வந்துவிட்டது. அறைந்தாளா இல்லையா என்பது இன்றுவரைக்கும் தெரியாது. அந்தக் கோபம் முழுவதும் என் மேல்தான் இறங்கியது.

இனித்தான் பெரிய கதை. இன்டர்நெட்டுக்கு சிம் போடும் ரவுட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஸனூஸ் வீடு முழுக்க நடந்தான். சாமியறையில் சிக்னல் ஒரு கட்டை, அதுவும் வருவதும் போவதுமாக இருந்தது. குசினியில் ஒன்றுமே இல்லை. கூரையில் ஏறினான். வீடு கட்டத் தொடங்கியபோது கண்ணேறு படாமல் இருக்க உங்கள் தங்கை செய்து மூங்கிலில் கட்டிய திருஷ்டிப் பொம்மை அங்கே நிற்கிறது, என் பழைய ஸ்டோர் சட்டையும் காக்கிக் களிசானும் போட்டு, மீசையோடு. என்னைப் போலவே இருப்பதாகத் தோட்டத்தில் பேச்சு. அதன் பக்கத்தில் போனதும் ஸனூஸ், "அங்கிள், இங்கதான் ஃபுல்லா ஈக்குது" என்றான். அந்த இடத்தில், அந்த உயரத்தில் மட்டும்தான் இரண்டு டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே எதிர்மலை டவர் தெரிகிறதாம். ஆகவே ரவுட்டரை சொப்பிங் பேக்கில் சுற்றிப் பொம்மையின் கழுத்தில் கட்டினான். வயர் என் சட்டைக்குள் போய், களிசான் கால் வழியாக இறங்கி, ஜன்னலுக்குள் வருகிறது. அன்றிலிருந்து மேனுஷா பகலில் புது வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறாள், லைன் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. முப்பது வருசம் அதே களிசானைப் போட்டுக்கொண்டு நான் செய்த வேலையைவிடப் பொம்மை பொறுப்பாகச் செய்கிறது.

செய்தி பரவிவிட்டது. இப்போது மேல் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பொம்மைக்குக் கீழே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ பூசை நடப்பது போலத்தான் தெரியும். ஜீவராணியின் மகனுக்குக் கட்டார் விசா மெயில் வந்தது இந்த வைஃபையில்தான். மறுநாள் அவள் வந்து பொம்மைக்கு எதிரே ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனாள். அந்த மூஞ்சி என் மூஞ்சி என்பதால் நான் கொஞ்சம் விபூதியும் எதிர்பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆனால் சிக்கல் என்னவென்றால், திருஷ்டிப் பொம்மை முடியாத வீட்டுக்கு வைப்பது. பால் காய்ச்சும் நாளில் அது கூரையில் இருக்கக்கூடாது, விடிவதற்கு முன் இறக்கி ஊருக்கு வெளியே போட்டுவிடவேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். பொம்மையை மட்டும் இறக்கிவிட்டு மூங்கிலை விடலாமே என்றேன். "குடியிருக்கிற வீட்டு மேல வெறும் மூங்கில நட்டு வைப்பீங்களா, பாடை கட்டவா போறீங்க?" என்றாள் தனலெட்சுமி. சரி, மூங்கிலில் ஒரு வேல் கொடி கட்டுவோம் என்றேன். கொடி கட்டினால் அது கோயில் மாதிரி ஆகிவிடும், பிறகு வீட்டில் கோழிக்கறி சமைக்கமுடியாது என்றாள். அதோடு நானே அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டேன்.

இப்போது எல்லாவற்றுக்கும் முடிவு வந்துவிட்டது மச்சான். ஸனூஸ் ஓர் இரும்புக் குழாய் கொண்டுவந்திருக்கிறான். இன்று மத்தியானம் பொம்மையை இறக்கிவிட்டு அதே இடத்தில் குழாயை நட்டு ரவுட்டரை அதில் பூட்டப்போகிறான். லயத்திலேயே பிறந்து லயத்திலேயே வாழ்ந்த உங்கள் தங்கை, சட்டி பானையை எல்லாம் இப்போதே சாக்கில் கட்டி வைத்துவிட்டாள். ஆகவே ஒரு கவலையும் இல்லாமல் குடும்பத்தோடு வந்து, விளக்கை எடுத்து வைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, எங்களை வாழ்த்திவிட்டுப் போங்கள். அக்காவுக்கு என் வணக்கம். மருமகன் ரமேஸுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்க முருகன் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்
வீரசிங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மத்தியானம் வந்துவிட்டது. பொம்மையை இறக்கினோம். இரும்புக் குழாய் பொம்மையின் இடுப்பு உயரத்துக்குத்தான் வருகிறது. அதற்கு மேல் போட்டால் இடி விழுந்துவிடும், நான் பொறுப்பில்லை என்கிறான் ஸனூஸ். அந்த உயரத்தில் ஒரு கட்டைகூட வரவில்லை. உள்ளே மேனுஷாவின் மீட்டிங்கில் ஆஸ்திரேலியாக்காரர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாராம். அவள் வெளியே வந்து எங்களைப் பார்த்தாள். "அம்மா, மாமா வீட்டு ரூம்ல கட்டில் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். தனலெட்சுமி என்னைப் பார்த்து, "என்ன நிக்கிறீங்க, பொம்மையத் தூக்குங்க மேல" என்றாள். பால் காய்ச்சுவது என்னாகிறது என்று கேட்டேன். "பால டீக்கு ஊத்திக்கலாம். இம்புட்டு நாளு லயத்துல கெடந்தேன், இன்னும் கொஞ்ச நாளு கெடந்தா கொறஞ்சா போயிருவேன்? புள்ள போயிட்டா அந்தப் புது வீட்டுல எதப் பார்த்துக்கிட்டு நான் குந்தியிருக்கிறது?" என்றாள். சாக்கை அவிழ்த்துச் சட்டி பானையை மறுபடி லயத்து அடுப்படியில் அடுக்கிவிட்டாள். ஆகவே வீடு இன்னும் முடியவில்லை, எப்போது முடியும் என்று டவர் கம்பனியைத்தான் கேட்கவேண்டும். தை மாதம் நீங்கள் வரவேண்டாம். பெயின்ட் அடித்த அறையை ரமேஸுக்கே கொடுத்துவிடுங்கள். வேட்டி அப்படியே இருக்கட்டும், சட்டையை மட்டும் பதுளை பஸ்ஸில் போட்டுவிடுங்கள். இறக்கி ஏற்றியதில் பொம்மையின் சட்டை கிழிந்துவிட்டது.