மாதுளந்தோலும் என் முதல் சொற்பொழிவும்

எதைப் பற்றி நமக்கு அரைகுறையாகத் தெரியுமோ, அதைப் பற்றிப் பேசத்தான் முதலில் மைக் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. செகந்திராபாத்தில், எங்கள் தமிழ் ஆலயத்தின் பின்புற ஹாலில், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. மாதுளம்பழத் தோலில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரத்தக் குழாய்களை இளக்கமாக வைத்திருக்குமா, அதனால் மாரடைப்பு ஆபத்து குறையுமா என்பது என் கேள்வி. பால் விடாத டீயைக் குடித்தால் நாக்கில் ஒரு பிடிப்பு வருமே, அதைத் தருகிற டானின்தான் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

எலிகள் ஒத்துழைத்துவிட்டன. அடுத்தது மனிதர்கள். வயதில் மூத்தவர்கள் சிலர் தினமும் கொஞ்சம் மாதுளந்தோல் சாறு குடித்து, கையில் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை அளந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும். ஒருவரும் சிக்கவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் வேறு தலைப்பு பார்த்துக்கொள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். (மென்மையாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.)

அம்மா போதகரிடம் பேசி ஹாலை வாங்கிக் கொடுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மகள் ஹார்ட் டாக்டர் ஆகப்போகிறாள் என்று ஊர்க்கோடியிலிருக்கிற மௌலா அலி வரை சொல்லி வைத்திருந்தாள். நான் மேடையேறியபோது முன்வரிசையில் பாதிப் பேர் மடியில் இசிஜி காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பதற்றத்தில் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. பேச ஆரம்பித்தேன். பாலிஃபீனால் என்று டானினின் குடும்பப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஹாலில் ஒரு கொட்டாவி கேட்டது. பாடகர் குழுவில் ஒருவர் சுதி பிசகாமல் குறட்டை விட்டார். கூட்டத்தை எழுப்ப வேண்டும் என்ற வேகத்தில், இது ஒன்றும் விஷமில்லை, நானே குடித்துக் காட்டுகிறேன் என்று மேசையிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரே மடக்கில் பெரிய வாயாக விழுங்கினேன்.

மேசையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று குடிப்பதற்காகத் தண்ணீர் கலந்து வைத்தது. இன்னொன்று நிறம் காட்டுவதற்காகக் கொண்டுவந்த, சுண்டக் காய்ச்சிய சாறு. நான் எதை எடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

எச்சிலுக்கு வழுவழுப்புத் தருகிற புரதத்தை டானின் பிடித்துக் கட்டிவிடும். இதைப் பரீட்சையில் அழகாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது. வியர்த்தது. தண்ணீர் என்று கேட்டேன். மைக்கில் மாடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. கடைவாயில் வழிந்தது நான் கட்டியிருந்த அம்மாவின் சந்தன நிறச் சேலையில் சொட்ட, துடைப்பதற்காக நெஞ்சில் கை வைத்தேன். கறையை யாரும் பார்க்கவில்லை. நெஞ்சில் இருந்த கையை எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தது ஸ்டெல்லா ஆன்ட்டி, ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரோடு ஓடிவந்த ஒருவரைக் கையால் தடுத்தார்.

"யாரும் தண்ணி குடுக்காதீங்க. வாய் கோணுது, பேச்சு குழறுது. ஸ்ட்ரோக்கா இருக்கலாம்."

நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

"நக்கோ கண்ணு, வேண்டாம், அசையாத. ஹார்ட்டுக்கு சிரமம்."

அவர் செய்தது முழுக்கச் சரி. அப்படிப்பட்ட நோயாளிக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. என் வியாதிக்கு இருந்த ஒரே மருந்து ஒரு வாய் தண்ணீர் என்பதுதான் சங்கடம். இதைக் குடித்ததால்தான் என்று புரியவைக்க, சாற்றுப் பாட்டிலைச் சுட்டிக் காட்டினேன். அந்த நிலையிலும் மகளுக்கு ஆராய்ச்சிமேல்தான் நினைப்பு என்று அம்மா உருகிப்போய், அதைப் பத்திரமாகத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

யாரோ ஒருவருடைய காரில் படுக்க வைத்து, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அப்பா என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் பின்னால் வந்தார். பணியிலிருந்த இளம் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். சிரிக்கச் சொன்னார். உதடு பல்லை விடவில்லை. அவர் முகம் இருண்டது. ஆனால் இசிஜி பாடப்புத்தகத்தில் போடுகிற அழகில் வந்தது. குழம்பிப்போய், கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். வெறும் மாதுளந்தோல் தண்ணீர், இதில் என்ன இருக்கிறது என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, நிரூபிப்பதற்காக ஒரு வாய் குடித்தாள்.

திருநெல்வேலியிலிருந்து வந்த நாள் முதல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த என் அம்மா பேச்சை நிறுத்தினாள். கண் மட்டும் பெரிதானது. டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறதா என்றும் பார்த்தார். ஸ்டெல்லா ஆன்ட்டி பாட்டிலை வாங்கி மோந்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"டாக்டர், ரெண்டு பேருக்கும் பால் வரவழைங்க."

கேன்டீன் பால் வந்தது. பாலில் இருக்கிற புரதம் டானினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, எங்கள் நாக்குகளுக்கு விடுதலை கிடைத்தது. அம்மா முதலில் பேசியது சேலைக் கறையைப் பற்றி.

இனி அந்த ஆலயப் பக்கம் தலைகாட்ட முடியாது என்று நினைத்திருந்தேன். அடுத்த வாரமே ஆட்கள் வந்தார்கள். நாக்கையே இந்தப் பாடு படுத்துகிற மருந்து ஹார்ட்டை மட்டும் சும்மா விட்டுவிடுமா என்பது அவர்கள் கணக்கு. ஸ்டெல்லா ஆன்ட்டி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். மற்றவர்கள் ஒழுங்காகக் குடிக்கிறார்களா, காலையில் நடக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கவும் செய்தார். கடைசியில் எல்லோருக்கும் இரத்தக் குழாய் கொஞ்சம் இளகியிருந்தது. அது சாற்றினாலா, ஆன்ட்டிக்குப் பயந்து நடந்த நடையினாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வேட்டில் அதை அப்படியே எழுதினேன். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

இன்றும் வீட்டில் நாலு பேர் கூடினால் அப்பா இந்தக் கதையை எடுத்துவிடுவார். அந்தச் சாறு ஹார்ட்டுக்கு நல்லதுதானா என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்பார்கள்.

"அத இவதான் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அன்னைக்கு இவ அம்மா பேசாம இருந்த கொஞ்ச நேரம், என் ஹார்ட் நல்லா இருந்துச்சு."

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை அம்மா காத்திருப்பாள்.

"ஆமா. அந்த நேரத்துல செருப்பக் கட்டிப் பிடிச்சிட்டு அழுதது யாருன்னும் கேட்டுக்கோங்க."

அதற்கப்புறம் அப்பாவுக்குத்தான் வாய் கட்டிப்போகும்.