காலராவைக் குடித்துவிட்டு எழுதிய உயில்

நான் சாகப்போகிறேன் என்று எழுத்துமூலம் உறுதி கொடுத்தது ஒரே ஒரு முறைதான். அதிலும் தோற்றேன்.

எண்பதுகளின் தொடக்கம். காலராக் கிருமி கக்குகிற நச்சுப் புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி மாணவர் தேவை. முடித்தால் டாக்டர் பட்டம். புதுச்சேரியிலேயே நேர்முகத் தேர்வு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அப்பா வேலை பார்க்கும் மில்லில் நானும். (சொல்லி வைத்தாகிவிட்டது.) ரெட்டியார்பாளையத்திலிருந்து என் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துத் தம்பி செல்வம் மிதித்து வந்தான். என் சட்டை கசங்கக் கூடாதாம்.

முதலில் செய்முறைத் தேர்வு. தேர்வு நடத்திய பேராசிரியை ஒரு குடுவையைக் காட்டி, "இதுலேருந்து பத்து மில்லி எடுத்து அந்தக் குழாயில விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் காலத்தில் பிப்பெட் என்கிற அளவுக் கண்ணாடிக்குழாயை வாயில் வைத்து, சோடா குடிப்பதுபோல உறிஞ்சித்தான் அளவெடுப்போம். அளவுக்கோட்டைத் தாண்டியதும் வாயை எடுத்து விரலால் மூட வேண்டும். கோடு எங்கே என்று தேடுவதற்குள் ஒரு மடக்கு என் தொண்டையைத் தாண்டிவிட்டது. அப்புறம்தான் குடுவையின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்தேன்: காலரா.

சொன்னால் சீட்டு போச்சு. சொல்லாவிட்டால் நானே போச்சு. சீட்டுதான் முக்கியம் என்று முடிவெடுத்தேன். (முதுகலைப் பட்டதாரி!) வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தேர்வுக்கு அழைத்த கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'என் சைக்கிளை, புது டைனமோ விளக்கு உட்பட, தம்பி செல்வத்துக்கு மனப்பூர்வமாகக் கொடுக்கிறேன்.' கையெழுத்து, தேதி எல்லாம் போட்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். "காலரா நச்சு உடம்புல என்ன பண்ணும்?"

"அஞ்சு துண்டு வளையமா சேந்து குடல் சுவரைப் புடிச்சிக்கும் மேடம். இன்னொரு துண்டு உள்ள நுழையும். அப்புறம் ஒடம்புத் தண்ணியெல்லாம் குடலுக்கு வந்துடும்... கை கால் சில்லுன்னு ஆயிடும்... வயித்துல கடகடன்னு..." நிஜமாகவே கடகடத்தது.

"இவ்வளவு உருக்கமா யாரும் பதில் சொன்னதில்ல" என்றார்.

நான் அழுதேவிட்டேன். "குடிச்சிட்டேன் மேடம்! வாசல்ல தம்பி நிக்கிறான். இத அவன்கிட்ட சேத்துடுங்க."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது உப்பும் சர்க்கரையும் கரைச்ச தண்ணிப்பா. காலரா வேலைக்குன்னு எடுத்து வச்சது. கிருமி ஒண்ணும் கெடையாது. காலரா வந்தவங்களுக்கு டாக்டருங்க குடுக்கறதே கிட்டத்தட்ட அதுதான்."

பதில் சரியாக இருந்ததால் சீட்டும் கொடுத்தார். இனி வாய்க்குப் பதிலாக உறிஞ்சும் ரப்பர் பல்பு இல்லாமல் பிப்பெட்டைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் அவர், கேட்டுக்கொண்ட வேலையை விடாமல் செய்கிறவர். வாசல்வரை வந்து கடிதத்தைச் செல்வத்தின் கையிலேயே சேர்த்துவிட்டார்.

அவன் இரண்டு தடவை படித்தான்.

"சீட்டு கெடச்சிடுச்சுடா!"

"சந்தோஷம்ண்ணா. சைக்கிள் மேலேருந்து கைய எடு."

"டேய், நான்தான் சாவலியே!"

"அது உன் தப்பு. கையெழுத்து இருக்குது. வா, நொத்தேர்கிட்டயே போலாம்." (உயில், பத்திரம் எழுதிப் பதிகிறவருக்கு எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெயர்.)

டாக்டர் பட்டம் வாங்கும்வரை ஆய்வுக்கூடத்துக்கு நடந்தேதான் போனேன்.

இப்போதும் கல்யாண வீடுகளில் புது சம்பந்திகளிடம் செல்வம் என்னைத் தோளில் கைபோட்டு இழுத்துப்போய் நிறுத்துவான். "இவருதான் காலஞ்சென்ற எங்க அண்ணன். காலராவுல போனவரு."

நானும் கைகூப்பி வணக்கம் சொல்லிவிடுவேன்.