மெதுவடை அண்ணன் தொண்ணூற்றெட்டில் பறந்த கதை

பெரம்பலூர் மாவட்டத்தில் சக்கரம் பூட்டிய எதுவாக இருந்தாலும், அது மெதுவடை அண்ணனை ஒரு முறையாவது முந்தியிருக்கும். பால்காரர் சைக்கிள், தள்ளுவண்டி, நெல் அறுக்கும் மெஷின் எல்லாம் முந்தியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். சிறுவாச்சூர் பக்கம் ஒரு செம்மறி ஆட்டு மந்தையும் முந்தியது. ஆட்டுக்குச் சக்கரம் இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் எங்கள் பள்ளிக்குத் தன் சொந்த வேனை ஓட்டுகிறவர். மெதுவடை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். உண்மையான பெயர் ஆர்.சி. புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வாத்தியாராக நான் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவேன். எவனாவது சீறிக்கொண்டு முந்தினால், "பாவம், வயித்தக் கலக்குது போல" என்று உண்மையாகவே இரக்கப்படுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அரியலூர் கோர்ட்டில் ஆஜராகச் சொல்லி ஒரு நோட்டீஸ் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலத்தியூர் ரோட்டில் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாராம், கேமரா பிடித்துவிட்டதாம். போதாக்குறைக்கு அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயரும், அப்பா பெயர் இடத்தில் இவர் பெயரும் மாறி விழுந்திருந்தன. அப்பா காலமாகி ரொம்ப வருஷமாகிறது.

"எங்கப்பா சைக்கிளயே தள்ளிக்கிட்டுத்தான் சார் போவாரு" என்றார் அண்ணன்.

செய்தி கசிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன்கள் அவரை எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஆனால் பள்ளி நிர்வாகம் கும்பிடவில்லை. அதிவேக கேஸ் உள்ளவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது, கேஸ் நீங்கவில்லை என்றால் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் அபராதத்தைக் கட்டித் தொலைக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை.

"கட்டுனா நான்தான் ஓட்டுனேன்னு ஆயிடும் சார். அப்புறம் எந்தத் தாய் என்னய நம்பிப் புள்ளய ஏத்தி வுடுவா?"

கோர்ட்டுக்குப் போகும் நாளில் துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேஸே வண்டி மேல்தான், அதனால் வண்டியும் வந்தாக வேண்டும் என்றுவிட்டார். நாங்கள் உள்ளே நுழையும்போது பெயர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். அதாவது, அவருடைய அப்பா பெயரை.

ஏன் தாமதம் என்று மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார்.

"பெரம்பலூர்லேருந்து விடியறப்பவே கிளம்பிட்டேங்கம்மா."

பெரம்பலூர் அப்படியொன்றும் தூரமில்லை. அம்மா நோட்டீஸையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது பக்கத்தில் கட்டு கட்டாகக் காகிதம் வைத்திருந்த கிளார்க் மெல்ல எழுந்தார். காலையில் அவர் வந்த பஸ் ஒரு மஞ்சள் வேனுக்குப் பின்னால் வெகுநேரம் மாட்டிக்கொண்டதாம். "அந்த வேன் இவருதுதாங்கம்மா. நானே இன்னைக்கு லேட்டு" என்றார்.

சட்டத்தில் இது சாட்சியத்தில் சேருமா என்று எனக்குத் தெரியாது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமரா படத்தை எடுக்கச் சொன்னார். படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக் கார். எங்கள் வேன் எண் பெரம்பலூருக்கான 46-இல் ஆரம்பிக்கும். அந்தக் கார் அரியலூருக்கான 61. மீதி எழுத்தும் எண்ணும் அச்சாக ஒன்று. யாரோ 61-க்குப் பதில் 46 என்று தட்டிவிட்டார்கள். கேஸ் இவர் மேல் இல்லை என்று எழுத்தில் கிடைத்தது.

கிளம்பும்போது அம்மா விடவில்லை. அவ்வளவு மெதுவாக ஏன் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

"வண்டில இருக்கறது பூரா அடுத்தவங்க வூட்டுப் புள்ளைங்கம்மா."

அப்படியே ஓட்டுங்கள் என்றார் அம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதர் பக்கத்தில் உட்காரக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் பசி அப்படி நினைக்குமா? திரும்பும் வழியில், "இன்னைக்குத்தான் புள்ளைங்க யாரும் இல்லையேண்ணே, கொஞ்சம் மிதிங்களேன்" என்றேன்.

அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்களும் ஒரு வூட்டுப் புள்ளதானே சார்."

பின்னால் ஒரு சிமென்ட் லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அடித்தால் அடிக்கட்டும் என்று நான் சீட்டில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.