கை நிற்காத கங்காணி

சும்மா இருந்தால் காய்ச்சல் வருகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பரபரப்பு அக்கா. சொந்தப் பெயர் அவர் புருஷனுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

கொழுந்து பறித்துப் பழகிய கை எங்கே போனாலும் பறிக்கும். ஒருமுறை கொட்டகலை பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் தலையிலிருந்த மல்லிகையைப் பாதி உருவிவிட்டார். அவள் திரும்பி முறைத்ததும், "கோவிச்சுக்காதம்மா, பழக்கதோசம்!" என்று பூவைத் திரும்பச் செருகினார்.

எங்கள் தோட்டத்தில் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் மதியத்தோடு வீட்டுக்கு வந்து கேரம் விளையாடுவார்கள். கொழுந்தெடுக்கும் பெண்கள் சாயங்காலம் வரை மலையில். நாள் சம்பளம் மட்டும் ஒன்று. அந்தப் பெண்களை மேய்க்கும் கங்காணியும் ஆண்தான், அவருக்குச் சம்பளம் கூடுதல். அந்தக் கங்காணி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனதும், அக்கா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத் துரை முன்னால் போய் நின்றார்.

"அந்த வேலய எனக்குக் குடுங்க தொரை. சம்பளமும் அதேதான் வேணும்."

ஆண்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. "ஒரு வாரம் பாப்போம். ஆனா கங்காணி கொழுந்துல கை வைக்கக் கூடாது. ஆளுங்களத்தான் பாக்கணும்."

வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை, அக்காவிடம் போய் இப்படி ஒரு நிபந்தனை! முதல் நாளே பக்கத்துப் பெண்ணின் கூடையைப் பாதி நிரப்பிவிட்டார். துரை பார்த்துவிட்டார்.

"இன்னொரு தடவ பாத்தேன், திரும்ப கொழுந்துக் கூடதான் ஒனக்கு."

என் மனைவியும் அக்கா மேய்க்கும் நிரையில்தான் வேலை செய்தாள். அக்கா தோற்றால், பொம்பளைக்கு இது ஆகாது என்று கதவை ஒரேயடியாகச் சாத்திவிடுவார்கள்.

மறுநாள் அக்கா ஒரு கையில் கம்பும் மறு கையில் குடையுமாக வந்தார். பத்து மணிக்கு மழை கொட்டியது. அக்கா குடையை விரிக்காமலே தொப்பலாக நின்றார்.

"குடைய விரிங்கக்கா!" என்று என் மனைவி கத்தினாள்.

"விரிக்கணும்னா கம்ப கீழ வைக்கணும். வச்சா கை கொழுந்துக்குப் போயிரும். நீ ஒன் வேலயப் பாருடி!"

வாரம் முழுக்க மழை. வாரம் முழுக்க தும்மல். ஆனால் ஒரு கொழுந்தைக்கூடத் தொடவில்லை. சனிக்கிழமை பெரட்டில் துரை சொன்னார்: "வேல ஒனக்குத்தான். பழைய கங்காணி சம்பளம்தான் ஒனக்கும்."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து, "இனிமே மலையில செடி மறைவுக்கு ஒதுங்கப் போகணும்னா ஒரு ஆம்பளகிட்ட கேட்டுட்டு நிக்க வேணாம்ங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

மறுநாள் கோயிலில் சாமிக்கு முன்னால் அக்காவைப் பார்த்தேன். முதலில் அவரைத்தான் கும்பிட்டேன்.