மலைக்கு அளவெடுத்த பொந்து டெய்லர்

ஊவா மாகாணத்தில் தையல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலைக்கே அளவெடுத்தவர் எங்கள் பொந்து டெய்லர் ஒருவர்தான்.

பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வாரம் முழுக்கக் கடைச் சந்தியில் தையல் மெஷினோடு இருப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு ஏதாவது குகைக்குள், எங்கள் பேச்சில் பொந்துக்குள், நுழைந்துவிடுவார். வாயில் டார்ச் லைட், இடுப்பில் நூல்கண்டு. திரும்பி வர வழி தெரிய வேண்டுமே என்று நூலின் நுனியை வாசலில் கட்டிவிட்டுத்தான் போவார். அவருடைய சம்சாரம் மேரி அக்காவிடம் "டெய்லர் எங்கக்கா?" என்று கேட்டால், "உள்ள இருக்காரு" என்பார். வீட்டுக்குள்ளா, மலைக்குள்ளா என்று நாம்தான் மறுபடி கேட்க வேண்டும்.

குகைகளின் அளவும் ஆட்களின் அளவும் ஒரே கொப்பியில்தான் இருக்கும். பதுளையில் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போக அவரிடம் ஒரு காற்சட்டை தைக்கக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தால், உள்ளே இன்னொருவரையும் குடிவைக்கலாம்.

"என்னண்ணே இது?"

கொப்பியைப் புரட்டினார். "அடடா, இது மேமலைப் பொந்தோட வாசல் தம்பி. அப்ப ஒன் இடுப்ப எங்க எழுதினேன்?"

பெல்ட்டால் மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு போனேன். எப்படியோ வேலை கிடைத்துவிட்டது.

ஒருமுறை குறுகலான பாறை இடுக்கில் டெய்லரின் வயிறு சிக்கிக்கொண்டது. வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும். தோட்டமே கூடிவிட்டது. பங்குச் சாமியார் அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுச் செபிக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "சாமி, செபத்தப் பொறகு பாத்துக்கலாம். மொதல்ல கால இழுங்க!"

சாமியாரோடு ஆறு பேர் சேர்ந்து இழுத்தோம். டெய்லர் வந்தார், சட்டை வரவில்லை. "ஒரு இஞ்சு பத்தல" என்று பாறைமேல் குறைசொன்னார்.

சில வருடங்களுக்கு முன், நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம். நான் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். நான்கு நாளாக மழை விடவில்லை. டெய்லர் உடம்பெல்லாம் சேற்றோடு, எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் வந்து நின்றார்.

"நம்ம லயத்துக்கு நேர கீழ பொந்து இருக்கு. உள்ள தண்ணி ஓடுது, மண்ணு கரைஞ்சு கொட்டுது. எல்லாரும் மாதா கோயிலுக்குப் போயிருங்க."

"இந்த மழையில சட்டி பானையத் தூக்கிக்கிட்டு எங்கங்க போறது?" என்று என் அப்பா சிரித்தார். யாரும் அசையவில்லை.

டெய்லர் வாதாடவில்லை. லயத்தில் இருந்த பன்னிரண்டு குடும்பங்களின் நத்தார் உடுப்பும் அவரிடம்தான் இருந்தது. அத்தனையையும் மூட்டை கட்டிக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கத்தினார்: "உடுப்பு வேணும்னா புள்ளகுட்டியோட அங்க வாங்க! போட்டுப் பாக்காம யாருக்கும் தரமாட்டேன்!"

லயமே குடையைப் பிடித்துக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டு கிளம்பியது. அதிகம் திட்டியவர் என் அப்பா.

கோயிலில் மேரி அக்காதான் உடுப்புகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்க அந்த மனுசன்?" என்றார் அப்பா.

"தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேன்னு போனாரு."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். லயம் இல்லை. பொந்தின் வாசலும் இல்லை.

ஐந்து நாள் தோண்டினார்கள். அவர் கிடைக்கவில்லை. பன்னிரண்டு குடும்பத்திலும் ஒருவருக்குக்கூடக் கீறல் இல்லை.

நத்தாரன்று நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் யாரும் புதுசு உடுத்தவில்லை. மேரி அக்காதான் வந்து அதட்டினார்: "அவரு கண்ணு முழிச்சுத் தச்சது. எடுத்துப் போடுங்க." போட்டுக்கொண்டோம். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, வெகுநேரம் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் மேரி அக்காவைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னைய நெனச்சு அடிக்கடி சிரிப்பாரு தம்பி. 'அவனுக்குப் பொந்துன்னா பயம், கூப்பிட்டா வேலை இருக்குங்கறான்'னு."

உண்மைதான். எத்தனை ஞாயிறு கூப்பிட்டார்! பயமாக இருக்கிறது என்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பார்.