வேட்டியை இறக்கினால் பூட்டிக்கொள்ளும் போன்

தாழக்குடி,
சனிக்கிழமை.

சிரஞ்சீவி ஆனந்தகிருஷ்ணனுக்கு அப்பா ஆறுமுகப்பெருமாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் வயலும் சுகம். பெங்களூரில் நீயும் மருமகள் தன்யாவும் சுகமென்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

போன் இருக்கத் தபால் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறக்குமுன் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். விஷுவுக்கு வந்தபோது உன் கம்பெனியின் புதுப் பூட்டு என்று ஒன்றைப் போட்டு, "பையில வச்சுட்டு நடங்கப்பா, நடையை வச்சே ஆளைக் கண்டுபிடிக்கும், வேற ஆள் எடுத்துட்டு நடந்தா பூட்டிட்டு எனக்குத் தகவல் சொல்லும்" என்று நாலு நாள் வரப்பில் நடக்கவைத்தாயே, அப்போது நான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கோயில் வாசல் வந்தால், பெரியவர் எதிரே வந்தால் மடிப்பை இறக்கிவிட வேண்டாமா? இறக்கினால் கால் தடுக்கும், அடி சின்னதாகும், உடனே நான் கள்ளன் என்று போன் முடிவுகட்டிவிடுகிறது. திங்களன்று அம்மன் கோயில் முன்னால் பூட்டியது. செவ்வாயன்று பழைய ஹெட்மாஸ்டரைக் கண்டதும் பூட்டியது. புதனன்று பக்கத்து வயல் நேசமணியின் தகப்பனார் தவறிப்போனதற்குத் துட்டி கேட்கப் போனேன், மரியாதைக்கு வேட்டியை இறக்கினேன், எல்லோரும் சுற்றி நிற்கையில் நீ கூப்பிட்டாய். எனக்குக் காது மந்தம் என்று சத்தத்தைக் கூட்டிவைத்தவனும் நீதான்.

"ஏலே, யாருல நீ? எங்கப்பா போன் ஒனக்கு எப்பிடிக் கெடச்சு?"

"நான் ஒங்கப்பன்தாம்ல."

"அப்பிடின்னா எங்கம்மை பேரைச் சொல்லு."

"தாணம்மாள்" என்றேன். ஆடி வந்தால் அவள் போய் ஒரு வருஷம். அதன்பின் அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டு வைத்துவிட்டாய். பூட்டைத் திறக்க மறுபடி மடித்துக் கட்டி நூறு அடி நடக்க வேண்டுமாம். துட்டி வீட்டு முற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டி மேலும் கீழும் உலாத்தியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். நேசமணி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே இந்தப் பூட்டை உடனே எடுத்துவிடு. பெற்ற அப்பனைக் கள்ளனாக்கும் சாமான் நமக்கு ஆகாது. தன்யாவை விசாரித்ததாகச் சொல். தாணுமாலயன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு, அப்பா.

பி.கு.: பூட்டை எடுக்க வேண்டாம். இந்த வாரத்துக்கு முன் மூன்று ஞாயிறு நீ கூப்பிடவில்லை. புதனுக்குப் பிறகு வீட்டுக்குள்ளும் வேட்டியை இறக்கிவிட்டுத்தான் நடக்கிறேன். நேற்று மட்டும் மூன்று தடவை கூப்பிட்டாய். ஆள் நான்தான் என்று தெரிந்தாலும் அம்மை பேரைக் கேட்காமல் விட்டுவிடாதே.