பஸ் மிதித்த அம்மி

உர்ரென்று இருப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். (பேசாமல் இருப்பவனெல்லாம் கோபக்காரன் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.) அந்த மேதாவித்தனத்தோடுதான் அறுபதுகளில் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தேன்.

டிரைவர் காதர் பாய். மலை ஏறத் தொடங்கியதும் அவர் வாய் மூடிவிடும், தாடை இறுகிவிடும். கண்ணாடி வழியாக அடிக்கடி என்னைப் பார்ப்பார். எந்த வளைவில் இவனைத் தள்ளிவிடலாம் என்று யோசிப்பதாகவே எனக்குப் படும். சேர்ந்து இரண்டு மாதமாகியும் 'ரைட்', 'ஹோல்டான்' தவிர அவரிடம் நான் பேசியதில்லை.

குறுகிய வளைவுகளில் பஸ் ஒரே மூச்சில் திரும்பாது. கொஞ்சம் பின்னால் வந்து திரும்ப வேண்டும். மேலும் சறுக்காமலிருக்க, கண்டக்டர் குதித்துப் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைக்க வேண்டும். எல்லோருடைய உயிரும் அந்தக் கட்டையில்தான் இருந்தது.

அதைத்தான் ஒருநாள் டீக்கடையில் விட்டுவிட்டேன். (உட்கார்ந்து டீ குடிக்கத் தோதாக இருந்தது. பாய் திரும்பிப் பார்த்ததும் பதறி ஓடிவந்து ஏறிவிட்டேன்.) அடிவாரம் தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. "அண்ணே" என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது பேர் பள்ளத்தில் விழுவதைவிட, பாய் முறைப்பதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. முதல் இரண்டு வளைவுகளும் எப்படியோ கடந்தன. நான் வேண்டாத சாமியில்லை.

மூன்றாவது வளைவில் பஸ் திணறி நின்றது. "கட்டை!" என்று கத்தினார் பாய். பஸ் மெல்லப் பின்னால் நகர்ந்தது. படிக்கட்டருகே ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய புது அம்மியை வைத்திருந்தார். அதை அலாக்காகத் தூக்கிக்கொண்டு குதித்து, சக்கரத்துக்கடியில் தள்ளினேன். மடாரென்று அம்மி இரண்டாகப் பிளந்தது. பஸ் நின்றுவிட்டது.

"அடப்பாவி! எம்மக மிதிக்க வேண்டிய அம்மிய பஸ்ஸு மிதிச்சிருச்சே!" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பாய் இறங்கி வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தால், அவர் பிளந்த அம்மிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அப்பு?"

"நீங்க கோவமா இருந்தீங்கண்ணே."

"கோவமா? மலையேறுனாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும். துஆ ஓதிக்கிட்டே வாரேன். நீதான் வாயே தொறக்காம இருந்த. மொதலாளி வேவு பாக்க அனுப்புன ஆளுன்னு பயந்து, கண்ணாடியில உன்னையே பாத்துக்கிட்டிருந்தேன்."

என்னைப் பார்த்தும் ஒருவர் பயந்திருக்கிறார்! (என் ஆயுளில் அவர் ஒருவர்தான்.)

அடுத்த வாரம் இருவருமாகப் புது அம்மி கொண்டுபோய்க் கொடுத்து, காலில் விழாத குறையாக அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். பாய் அதோடு விட்டாரா? என் கல்யாணத்தில், பெண்ணின் காலைப் பிடித்து நான் அம்மியில் வைக்கும் நேரம் பார்த்து, "தெரிஞ்சுக்கம்மா, இவன் கையால ஏற்கெனவே ஒருத்தி அம்மி மிதிச்சிருக்கா" என்று முழுக்கதையையும் சபையில் போட்டு உடைத்தார்.

இன்றும் தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "போய்ப் பாருங்க, மூத்தவ கூப்புடுறா."